பத்து மில்லிமீட்டர் ரியோனி

ஜும்பெர் கொண்டுவந்த ஃபைலில் ஆறு
கொழுத்து ஓடியது.
திரையில் பார்த்தால் சந்தேகமே வராது:
பத்து மில்லிமீட்டர் அகலம், கருநீலம்,
குத்தாயிசிக்கு மேலே ஒரு திருகல்,
வெள்ளைப் பாலத்தருகே முழங்கைபோல் ஒரு மடிப்பு.

மீன்பிடிச் சங்கத்தின் கணக்காளர் அவர்.
சனிக்கிழமை கூட்டம், சுவரில் மாட்ட வேண்டும்,
பிர்ச் ப்ளைவுட், நான்கு மில்லிமீட்டர்.
முன்பணம் தந்த கையோடு ரசீதும் கேட்டார்.

எனக்கு அன்று காலையிலிருந்து பல்வலி.
அதைத் தவிர வேறு சாக்கு இல்லை.
பொத்தானை அழுத்திவிட்டேன்.

லேசருக்குத் தடிமன் தெரியாது.
கோட்டுக்கு நாம் உடுத்திவிட்ட கம்பளிச் சட்டையை
கழற்றக்கூட அது மெனக்கெடாது,
நேரே முதுகெலும்புக்குப் போய்விடும்.

நாற்பது நொடி. எரிந்த மரத்தின் தித்திப்பு வாசனை.
மூடியைத் திறந்தேன்.
பலகை முழுசாகத்தான் கிடந்தது.
தூக்கினேன்; பாதி மட்டும் கையோடு வந்தது.

மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை
ஓடிய ஆறு அல்லவா.
வலக்கரை ஒரு துண்டு, இடக்கரை ஒரு துண்டு.
நடுவில் மயிரிழைக் கருக்கல்,
அவ்வளவுதான் தண்ணீர்.

ஜும்பெர் இரண்டையும் சேர்த்தார், பிரித்தார்,
மறுபடி சேர்த்தார்.
"நான் இந்தக் கரை. லமாரா அந்தக் கரை.
கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம்
பாலம் ஏறி இறங்கியே செருப்புத் தேய்ந்தது.
இவ்வளவு கிட்டவா இருந்தோம்?"
பிறகு, கணக்காளர் குரலில்:
"அது சரி, இதில் மீன் எங்கே நிற்கும்?"

திரைக்குத் திரும்பினேன்.
கோட்டைத் தேர்ந்தெடு. பட்டியலைத் திற.
கோட்டை உருவரையாக்கு.
ஒரே கிளிக்: கோடு இல்லை.
அது இருந்த இடத்துக்கு இருபுறமும்
இரண்டு கரைகள் எழுந்து நின்றன.

இனி இது ஆறுதான்.
ஆனால் இனி ஒரு இழுப்பில் வளையாது,
திருப்பத்துக்குத் திருப்பம் புள்ளிகள்
பருக்களாய் முளைத்துவிட்டன.
நல்லவேளை, பழைய கோட்டுக்கு ஒரு நகல் எடுத்து
கண்ணை மூடிய அடுக்கில் படுக்கவைத்திருந்தேன்.
பல்வலியும் சில நேரம் புத்தி சொல்லும்.

க்விரிலா வந்து சேரும் இடத்தில் இன்னொரு தொல்லை.
அதை அவர் பாதியிலிருந்துதான் வரைந்திருந்தார்,
தலை இல்லாத கிளையாறு.
அதன் வால் ரியோனியின்மேல் ஏறிக் கிடந்தது.
அப்படியே விட்டால் கூடுதுறையில் லேசர்
தண்ணீரிலிருந்து தண்ணீரை வெட்டி எடுக்கும்.
இரண்டையும் தொட்டு ஒன்றாக்கினேன்.
இடையில் நின்ற கோடுகள் கரைந்தன.

கதிர் தின்னும் பங்கு ஒன்று உண்டு,
தலைமுடி கனம்தான், ஆனால் இருபுறமும் தின்னும்.
அதற்கும் சேர்த்துக் கரைகளைச் சற்றே தள்ளிவைத்தேன்.

இம்முறை மூன்று நிமிடம்.
ஒரு கரையோரம் போய், சுற்றிக்கொண்டு,
மறுகரையோரம் திரும்பி வந்தது கதிர்.
ஆறு தனியாகக் கழன்று
தேன்கூட்டுத் தட்டில் கிடந்தது,
ஓரமெல்லாம் காப்பி நிறம்.
விலாங்கைப் பிடிப்பதுபோல்
இரண்டு கையாலும் அள்ளினார் ஜும்பெர்.

கரைகளை யாரும் எடுக்கவில்லை.
நடுவே பத்து மில்லிமீட்டர் சொச்சம் இடம் விட்டு
இயந்திரத்துக்குள்ளேயே எதிரெதிரே இருந்தன.

பிழையாய்ப் போன முதல் பலகையையும்
அவர் கேட்டு வாங்கினார்.
இரண்டு பாதியையும் வளைவுக்கு வளைவு பொருத்தி
ரப்பர்பேண்ட் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.
"சங்கத்துக்கா?"
"சங்கத்துக்கு ஆறு. இது வீட்டுக்கு."

ரசீதில் என்ன எழுத என்றேன்.
"ரியோனி, ஒன்று" என்றார்.
கதவைத் திறந்தவர் நின்று திரும்பினார்:
"மற்றதைக் கழிவு என்று போடு.
தணிக்கையில் கேட்பார்கள்."